வடசென்னைக்கும் ஒரு உல்லாசக் கடற்கரை இருந்தது

லீவு விட்டால் எங்கே போகலாம் என்று நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரி, கோவா என்று பட்டியல் வரும். கொஞ்சம் பெரிய கனவு காண்கிற பேர்வழி என்றால் ஸ்பெயின் என்பார். 2011-இல் 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' என்ற இந்திப் படம் வந்த பிறகு ஸ்பெயின் கடற்கரை மேல் நம் ஊரில் ஒரு தனிக் கிறக்கமே உண்டாகிவிட்டது. நீலக் கடல், வெள்ளைச் சுவர் வீடுகள், திறந்த கார், மூன்று நண்பர்கள்...

"எண்ணூருக்குப் போகலாமா?" என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் சிரிப்போம். எண்ணூர் என்றால் லாரி, நிலக்கரி, சாம்பல், புகைபோக்கி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு 'உல்லாசம்' என்ற சொல்லே மறந்து போயிருக்கும்.

ஆனால் மெரினா என்ற பெயரே பிறக்காத காலத்தில், மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும், படகு விடவும், மீன் பிடிக்கவும் விரும்பிப் போன இடம் இதே எண்ணூர்தான். பழைய அரசாங்க கெஜட்டியர்கள் எண்ணூரைப் பற்றி எழுதும்போது 'மெட்ராஸ் ஐரோப்பியர்களின் விருப்பமான ஓய்விடம்' என்கிற மாதிரிதான் குறிப்பிடுகின்றன.

அந்த எண்ணூர் எப்படி இந்த எண்ணூர் ஆனது? அதே காலகட்டத்தில் ஸ்பெயினில் ஒரு மீன்பிடி ஊர் எப்படி உலகமே போகும் ஊரானது? இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள் :-)

கடலுக்கு 'ஜாலியாக'ப் போவது எப்போது தொடங்கியது?

கடற்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது மனிதன் காலங்காலமாகச் செய்து வரும் வேலை என்று நமக்குத் தோன்றும். உண்மையில் இது முன்னூறு வருடம்கூட ஆகாத பழக்கம். இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1750-இல் ஒரு நூல் எழுதினார். கடல் நீரில் குளிப்பதும், கடல் நீரைக் குடிப்பதும்கூட (!), சுரப்பி நோய்களுக்கு நல்லது என்பது அவருடைய கட்சி. பணக்கார நோயாளிகள் பிரைட்டன் என்ற மீனவர் ஊருக்குப் படையெடுத்தார்கள். நோயாளிகளுக்குப் பின்னால் நோயில்லாதவர்களும் போனார்கள். இளவரசரும் போனார். 1841-இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் விட்டதும் சாதாரண ஜனங்களும் போனார்கள். மருந்தாக ஆரம்பித்தது மெல்ல மெல்லப் பொழுதுபோக்காக ஆகிவிட்டது.

நம் ஊரில் கதை வேறு. நெய்தல் நிலம் என்பது உழைக்கிற நிலம். வலை, படகு, கருவாடு, உப்பு. மற்றவர்கள் கடலுக்குப் போனது தீர்த்தமாட. மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வரும், கூடவே ஊரும் வரும். திருவொற்றியூரில் கடலோரத்தில் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கு இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள். வள்ளலார் சென்னையில் இருந்த காலத்தில் அடிக்கடி நடந்து போனது இதே திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்கு. ஆக, வடசென்னைக் கடற்கரைக்கு வெளியாட்கள் வந்து போவது பழைய வழக்கம். ஆனால் 'ஓய்வெடுக்க' வருவது என்பது கப்பலில் வந்திறங்கிய வழக்கம்.

ஏன் எண்ணூர்?

கோட்டையிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எண்ணூர். கோட்டைக்கு எதிரிலேயே கடல் இருக்க, வெள்ளைக்காரர்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்?

மெட்ராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சாமான்களும் மசூலா படகில் ஏறி, அலையில் குலுங்கிக் குலுங்கிக் கரைக்கு வர வேண்டும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது, ஆணி அடித்தது இல்லை. ஆணி அடித்த படகாக இருந்தால் அந்த அலையில் உடைந்துவிடும். படகு கவிழ்ந்து செத்தவர்கள் நிறைய. மெட்ராஸ் கடல் என்றாலே பயணிகளுக்குப் பயம்தான் முதலில் வரும்.

எண்ணூரில் இரண்டு தண்ணீர் உண்டு. கிழக்கே கடல். மேற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேர்வதற்கு முன் விரிந்து கிடக்கும் கழிமுகம். நடுவில் ஒரு மெல்லிய மணல் திட்டு. கடல் காற்று முகத்தில் அடிக்கும், ஆனால் படகு விட அலையில்லாத அமைதியான தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கும். மீனும் இறாலும் நண்டும் ஏராளம். உல்லாசத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

போகிற வழியும் சுலபமானது. பாசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். 1801-இல் தொடங்கி 1806 வாக்கில் முடிந்தது. பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. உப்பும் விறகும் நகரத்துக்கு வர வெட்டிய வாய்க்கால்தான், ஆனால் அதிலேயே துரைமார்களும் படகில் போனார்கள். கால்வாயில் சுங்கம் வசூலித்து லாபம் பார்ப்பது காக்ரேனின் திட்டம். 1837-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டு, கால்வாய் முழுவதற்கும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. இன்றைக்கு நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே பக்கிங்காம் கால்வாய்தான்.

இந்தக் காக்ரேன் பற்றி ஒரு சுவையான தகவல். மெட்ராஸில் சம்பாதித்த பணத்தோடு லண்டன் திரும்பிய அவர், அங்கே தன் வீட்டில் நீராவிக் குளியல் கூடம் ஒன்று நடத்தினார். அதில் வேலை செய்தவர் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. 1794-இல் ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்ட முதல் இந்தியர் அவர். 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தவரும் அவரே. பிறகு அவர் பிரைட்டன் கடற்கரைக்குக் குடிபோய், அங்கே எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்யும் குளியல் கூடம் வைத்துப் பெரும் புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜ் மன்னரே அவருடைய வாடிக்கையாளர். எண்ணூருக்குக் கால்வாய் வெட்டியவரின் குளியல் கூடத்தில் இருந்தவர், பிரைட்டனில் வெள்ளைக்காரர்களின் விடுமுறைக்குச் 'சம்பி' போட்டிருக்கிறார். உலகம் அப்போதே சின்னதுதான்!

எண்ணூரை மறந்தது ஏன்?

எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று, மலை. 1819-க்குப் பிறகு ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வழி போட்டார். உதகமண்டலம் வளர்ந்தது. 1870 வாக்கிலிருந்து கோடைக்காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே மூட்டை முடிச்சோடு ஊட்டிக்குப் போக ஆரம்பித்தது. குளிருக்கு ஏங்கியவர்களுக்குக் கழிமுகம் எம்மாத்திரம்?

இரண்டாவது காரணம்தான் இந்தக் கட்டுரையின் நெஞ்சு. அது துறைமுகம்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் (பிற்காலத்து ஏழாம் எட்வர்ட்) மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போல அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அவற்றைச் சின்னாபின்னமாக்கியது. விடவில்லை, திரும்பக் கட்டினார்கள்.

அலைத்தடுப்புச் சுவர் அலையை மட்டும் தடுக்கவில்லை. மணலையும் தடுத்தது.

நம் கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி. வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் தெற்கு நோக்கி. வருடக் கணக்கை நேர் செய்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆக நம் கடற்கரை ஒரு மணல் ஆறு மாதிரி. தெற்கிலிருந்து வருகிற மணல் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே போகும். அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணைதான் துறைமுகம்.

அணைக்குத் தெற்கே மணல் குவிந்தது. குவிந்து குவிந்து துறைமுக வாயிலையே அடைக்கப் பார்த்தது. பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத் தலைவராக இருந்த காலத்தில், கிழக்குப் பார்த்த வாயிலை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். அப்படித் தெற்கே குவிந்த மணல் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நீங்கள் சுண்டல் வாங்கித் தின்கிறீர்களே, அங்கேதான். மெரினா!

சிசிலியின் ஞாபகம்

1881 முதல் 1886 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் மவுன்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். கோட்டைக்குத் தெற்கே பொலிவில்லாமல் கிடந்த கரையை நடைபாதை போட்டு அழகாக்கினார். 1884-இல் அதற்கு 'மெரினா' என்று பெயர் வைத்தார். எங்கிருந்து எடுத்த பெயர்? இத்தாலியின் சிசிலித் தீவில் தான் பார்த்த கடலோர உலாவிடங்களின் நினைவாக வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆக மத்தியதரைக் கடல் விடுமுறை என்ற கனவு சினிமா பார்த்து நமக்கு வந்ததில்லை. 1884-லேயே மெட்ராஸ் மணலில் ஒருவர் அதை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இருந்த மெரினா இன்று இருக்கும் அளவு அகலம் இல்லை. துறைமுகம் வந்த பிறகு வருடா வருடம் சேர்ந்த மணலால் இன்று சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் அகலம். சாலையில் இறங்கி நடந்தால் கடல் வருவதற்குள் ஒரு மாங்காய்ப் பத்தை தீர்ந்துவிடும்.

வடக்கே? மணல் வரத்து நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையைத் தின்று தின்று முன்னேறியது. கரை சில நூறு மீட்டர் உள்ளே போய்விட்டது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, வலை காயப்போட்ட மணல் போனது. இன்றைக்கு அங்கே கருங்கல் கொட்டிச் சுவர் கட்டி, கடலுக்குள் தூண்டில் வளைவுகள் நீட்டி வைத்திருக்கிறார்கள். தூண்டில் வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்தால் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள், பீச் என்று பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். காசிமேட்டுப் பக்கம் 'என்-4 பீச்' என்று சொல்கிறோமே, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் நம்பர்தான் அந்தப் பீச்சுக்குப் பெயர். தெற்கே சிசிலியின் பெயர், வடக்கே ஸ்டேஷன் நம்பர்!

பி.காம் முதல் வருடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது இதுதான்: ஒரு கணக்கில் வரவு எழுதினால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியாக வேண்டும். மெரினாவின் வரவை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சென்னையின் பெருமை என்று அஞ்சல் அட்டையிலும் போட்டாயிற்று. அதற்கு நேரான பற்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எழுதப்பட்டிருக்கிறது. கல் சுவராக.

லீவு யாருக்கு?

கடற்கரை இருந்தால் மட்டும் போதுமா? போவதற்கு லீவு வேண்டாமா?

இதிலும் வடசென்னைக்குப் பங்கு உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் முக்கியமானது அது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எங்கே தெரியுமா? உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும். அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கவர்னர் உலாவுவதற்காகப் பெயர் வைத்த மணலில் தொழிலாளி ஓய்வு கேட்டு நின்றது சின்ன விஷயமில்லை.

சம்பளத்தோடு லீவு என்பது உலகம் முழுக்கவே புதிய சங்கதி. ஸ்பெயின் குடியரசு 1931-இல் வருடத்துக்கு ஏழு நாள் கொடுத்தது. பிரான்ஸ் 1936-இல் இரண்டு வாரம். இங்கிலாந்து 1938-இல் சட்டம் போட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு வகுத்தது. திருவொற்றியூர் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப், எண்ணூர் அசோக் லேலண்ட் என்று நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்கு அந்த விடுப்பு கிடைத்தது. அந்த விடுப்பில் கோயில் குளம் போனார்கள், சொந்த ஊர் போனார்கள், காணும் பொங்கலுக்கு மெரினா போனார்கள்.

கவனித்தீர்களா? வேலை வடக்கே, காற்று வாங்குவது தெற்கே.

எண்ணூர் தொழிற்சாலையானது

ரயில் வந்தது, நிலம் மலிவு, தண்ணீர் பக்கத்தில், துறைமுகம் பக்கத்தில். தொழிலுக்கு இதைவிட வசதி ஏது? 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-களில் எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட் (2017-இல் மூடப்பட்டுவிட்டது). 1990-களில் கழிமுகத்தின் அந்தக் கரையில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம்.

இவையெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போது மேலே சுற்றுகிற மின்விசிறிக்கும் கரண்ட் வேண்டுமே. ஆனால் நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பினார்கள். குழாய் வருடக்கணக்கில் ஒழுகியது. சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. துரைமார்கள் படகு விட்ட ஆழமான தண்ணீரில், சில இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாமல் போனது. கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்குக் கையில் வந்தது சாம்பல் சேறு. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் இதைப் பற்றி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தபோதுதான் ஊரின் தென்பாதிக்கு எண்ணூர்க் கழிமுகம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை போட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஆனால் துறைமுகம் மாதிரி, தண்ணீரோரம் இல்லாமல் முடியாது என்கிற வேலைகளுக்கு விலக்கு உண்டு. எண்ணூரைப் பொறுத்தவரை விலக்குதான் விதியானது.

பெனிடோர்ம் என்ற குப்பம்

இப்போது ஸ்பெயினுக்குப் போவோம் (டிக்கெட் இல்லாமல்).

மத்தியதரைக் கடலோரத்தில் அலிகாண்டே பக்கம் பெனிடோர்ம் என்று ஓர் ஊர். 1950-இல் சில ஆயிரம் பேர் வாழ்ந்த மீனவர் ஊர். சூரை மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அந்தத் தொழில் நலிந்துகொண்டிருந்த சமயத்தில் பெட்ரோ சரகோசா என்ற இளம் மேயர் வந்தார். மீன் போனால் மனிதர்களைப் பிடிப்போம் என்று முடிவு செய்தார். 1956-இல் ஊருக்கு ஒரு முழு நகரத் திட்டம் போட்டார். அகலச் சாலைகள், கடலோரம் உயரமான ஓட்டல்கள். வெளிநாட்டுப் பெண்கள் பிகினியில் குளிக்கலாம் என்று அவர் அனுமதி கொடுக்க, பாதிரியார்கள் கொதித்தார்கள். மேயர் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாட்ரிட் வரை ஓட்டிப் போய்ச் சர்வாதிகாரி ஃபிராங்கோவையே பார்த்துச் சம்மதம் வாங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

1959-இல் ஸ்பெயின் தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அந்நியச் செலாவணி வேண்டும், விற்க என்ன இருக்கிறது என்று பார்த்தால் வெயில்தான் இருந்தது! மலிவு விலை விமானங்களில் இங்கிலாந்து, ஜெர்மனித் தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். சம்பளத்தோடு லீவு வாங்கிய அதே தொழிலாளிகள். 2024-இல் ஸ்பெயினுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 9.4 கோடி. அந்த நாட்டின் மக்கள் தொகையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பெனிடோர்ம் சூரை மீனை விட்டுவிட்டு ஓட்டலுக்குப் போனது. நம் திருவொற்றியூர்க் குப்பத்திலோ சூரை மீனுக்கென்றே தனி மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். மீன் ஒன்றுதான், ஊர்கள் போன வழிதான் வேறு.

அமைச்சர் குளித்த கடல்

1966 ஜனவரி 17. ஸ்பெயினின் தென்கிழக்கே பலோமரெஸ் என்ற கடலோரக் கிராமத்துக்கு மேலே, வானத்தில் எரிபொருள் நிரப்பும்போது ஓர் அமெரிக்கக் குண்டு விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இருந்த நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் மூன்று தரையில் விழுந்தன, ஒன்று கடலில். அணு வெடிப்பு நடக்கவில்லை. ஆனால் இரண்டு குண்டுகள் உடைந்து புளூட்டோனியம் வயல்களில் சிதறியது.

ஸ்பெயின் அரசு எதற்குப் பயந்தது? கிராமத்து மக்களுக்கு என்ன ஆகுமோ என்பதைவிட, சுற்றுலா என்ன ஆகுமோ என்றுதான் அதிகம் பயந்தது. மார்ச் மாதம் சுற்றுலாத் துறை அமைச்சர் மானுவல் ஃபிராகாவும் அமெரிக்கத் தூதரும் கேமராக்கள் முன்னால் கடலில் இறங்கிக் குளித்தார்கள். பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்று உலகத்துக்குக் காட்டினார்கள்.

அது விளம்பரம்தான், நாடகம்தான். மண்ணை வாரி அமெரிக்காவுக்கு அனுப்பிய பிறகும் அந்த ஊரில் கதிரியக்கம் உள்ள நிலம் மிச்சம் இருந்தது. ஆனாலும் இந்த நாடகத்தில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. அந்தக் கடல் சுத்தமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயமாவது ஓர் அரசுக்கு இருந்தது. ஏனென்றால் அங்கே வந்து குளிக்கக் கோடிக்கணக்கான பேர் காத்திருந்தார்கள்.

எண்ணூருக்கு வருவோம். 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ.மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரை ஒதுங்கியது. கருங்கல் தடுப்புகளுக்கு இடையில் தார் மாதிரி அப்பிக்கொண்டது. அதை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கடலோரக் காவல் படையினரும் அள்ளியது பிளாஸ்டிக் பக்கெட்டால். அதே மாதம்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் இளைஞர்கள் கூடி நாடே திரும்பிப் பார்த்தது. ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு கடற்கரைகள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்தக் கறை காய்வதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.

இந்தத் தண்ணீரில் இறங்கிக் குளித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை. பொய்யாகக் குளிக்கக்கூட ஆள் இல்லாத கடல் அது. அதில் நிஜமாகவே இறங்குகிறவர்கள் மீனவர்கள் மட்டும்தான்.

அப்படியானால் எண்ணூரில் ஓட்டல் கட்டலாமா?

வேண்டாம்! ஸ்பெயினைப் பார்த்து ஏங்குகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். 2024-இல் மயோர்க்கா தீவிலும் பார்சிலோனாவிலும் உள்ளூர்க்காரர்களே சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, தண்ணீர் போதவில்லை, எங்கள் ஊர் எங்களுக்கு இல்லை என்றார்கள். கடற்கரை முழுக்கக் கட்டடமாகிவிட்டதே என்று 1988-இல் ஸ்பெயின் ஒரு கடற்கரைச் சட்டம் போட்டு, கரை பொதுச் சொத்து என்று அறிவிக்க வேண்டி வந்தது. தொழிற்சாலை தின்றாலும் ஓட்டல் தின்றாலும் மீனவனுக்கு மணல் போனது போனதுதான்.

நான் சொல்ல வருவது வேறு. ஒரு கடற்கரையை எவ்வளவு கவனிக்கிறோம் என்பது அங்கே யார் ஓய்வெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது. பாண்டிச்சேரியைப் பாருங்கள். 1980-களில் அங்கே துறைமுகச் சுவர் கட்டியதும் இதே கதைதான் நடந்தது. வடக்கே மணல் போய், ஊரின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலையில் கல் மட்டும் மிஞ்சியது. ஆனால் அது டூரிஸ்ட் ஊர். 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, மணலைத் திரும்ப வரவழைத்தார்கள். ஆக, போன மணல் திரும்பி வரும், வரவழைக்கத் தெரியும் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. தொழில்நுட்பம் பாண்டிச்சேரிக்கு ஒன்று, ராயபுரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. வடசென்னைக்கு மட்டும் நூற்றைம்பது வருடமாகக் கருங்கல்தான்.

இப்போது மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது (2021). வடக்கே இருப்பவர்கள் காற்று வாங்கத் தெற்கே போவது இன்னும் சுலபமாகிவிட்டது. தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ரயிலில் எதிர்ப்பக்கம் ஏறுங்கள். இறங்கி ஆட்டோ பிடித்து எண்ணூர் முகத்துவாரம் வரை போங்கள். ஆறும் கடலும் சேர்கிற இடம். ஒரு பக்கம் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் வலை வீசுகிறவர்கள், நடுவில் கொக்குகள். காற்று இன்றைக்கும் நன்றாகத்தான் அடிக்கிறது, சில நாள் வாசனையோடு.

துரைமார்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை என்று அங்கே நின்றால் புரியும். அடுத்த முறை மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் கொறிக்கும்போது ஒரு பிடி மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் பாதியாவது ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.